விலை கொடுத்த குதிரை

தன் நிழலுக்கே மிரண்ட பூசெபலஸ் என்ற குதிரையைச் சூரியன் பக்கம் திருப்பி வழிக்குக் கொண்டுவந்தான் சிறுவன் அலெக்சாண்டர் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். சாட்டைக்கு அங்கே வேலையே இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. கி.மு. 326இல் ஜீலம் நதிப் பக்கம் அது இறந்தபோது, அதன் பெயரில் ஒரு நகரமே எழுந்தது.

விலை கொடுத்தால் குதிரை வரும். அதன் நம்பிக்கை தனியாகத்தான் வரவேண்டும். நம் தாமிரபரணி கடலில் கலக்கும் காயல் துறையில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் பொன்னைக் கொட்டி அரபுக் குதிரைகளை ஆண்டுதோறும் இறக்கினார்கள். பேணத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலானவை மடிந்தன என்று சொல்லிவைத்தார் மார்க்கோ போலோ. கொஞ்சம் மிகையும் இருக்கலாம், கதை சொல்லத் தெரிந்த வியாபாரி அவர். ஆனாலும் அந்தக் குதிரைகளில் ஒன்றின் பெயர்கூட நம் காதுக்கு வந்து சேரவில்லை.

நம்பிக்கை விலைக்கு வராது என்பது கடம்பூர்க் கரிசலில் சம்சாரிக்குத் தெரிந்த சங்கதி. மாட்டுத்தாவணியில் சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், விலை பேசுவார். மாட்டை ஓட்டிவந்த அன்றே ஏரில் பூட்டமாட்டார். தொழுவில் கட்டி, பருத்திக்கொட்டையைத் தன் கையாலேயே வைப்பார்.