தெரிவிப்பதும் சொல்வதும்

ஒருவரால் உடனடியாக எதுவும் செய்துவிட முடியாத ஓர் உண்மையை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி இப்போது பெண்களின் தபால்பெட்டிக்கே வந்து சேர்கிறது. 2024 செப்டம்பர் 10 முதல், அங்கே மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரது மார்பகத் திசு அடர்த்தியானதா இல்லையா என்று எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி இது.

அடர்த்தி ஒரு நோயல்ல. தொட்டுப் பார்த்து அறியவும் முடியாது. கொழுப்பைவிடச் சுரப்பிகளும் நார்த்திசுவும் அதிகமாக இருக்கின்றன, அவ்வளவுதான். நாற்பதைக் கடந்த அமெரிக்கப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். அடர்ந்த திசு வெள்ளை, புற்றுநோய்க் கட்டியும் வெள்ளை. ஒன்று மற்றதை மறைத்துவிடும். போதாததற்கு, அடர்த்தியே புற்றுநோய்க்கான வாய்ப்பை ஓரளவு கூட்டவும் செய்கிறது.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கோபம் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ வருடம் தவறாமல் மேமோகிராம் எடுத்தவர். 'நார்மல்' என்று முடிவு வந்த ஆறே வாரத்தில், 2004இல், நிணநீர்க் கணுக்கள்வரை பரவிய புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அவரது மார்பகம் அடர்த்தியானது என்று மருத்துவர்களின் அறிக்கையில் இருந்தது. அவரிடம்தான் யாரும் சொல்லவில்லை. அவரது போராட்டத்தால் 2009இல் கனெக்டிகட் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. 2018இல் அவர் இறந்துபோனார்.

அதே கடிதம் போன வருடம் நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு வந்தது. அக்கா போனில் கேட்டாள்: "கேன்சர் இருக்குங்கறாங்களா, இல்லேங்கறாங்களா? ஒண்ணும் புரியலடி." கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஏதாவது தப்பா சாப்பிட்டுட்டேனா?" பெரும்பாலும் மரபும் வயதும் தீர்மானிக்கிற ஒரு விஷயத்துக்குத் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டாள். தமிழில் கூந்தலுக்கும் காட்டுக்கும் நாம் ஆசையாகச் சொல்கிற வார்த்தை அடர்த்தி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மந்தபுத்தி என்றும் ஒரு பொருள் உண்டு.

என் மென்பொருள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நடுராத்திரி ஒருவரை எழுப்பும் அலர்ட் என்றால், எழுந்தவர் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அலர்ட்டையே எடுத்துவிடுவோம். இந்தக் கணக்குப்படி கடிதத்தை நிறுத்திவிடலாம் என்று வாதிட முடியும். அடர்த்தி உள்ளவர்களுக்கு அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ போன்ற கூடுதல் பரிசோதனைகள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லச் சான்று போதாது என்று 2024இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு சொன்னது. நெதர்லாந்தில் மிக அடர்ந்த மார்பகம் கொண்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. எம்ஆர்ஐக்கு அழைக்கப்பட்ட குழுவில், இரு பரிசோதனைகளுக்கு இடையே தலைகாட்டிய புற்றுநோய் ஆயிரத்துக்கு 2.5, அழைக்கப்படாத குழுவில் 5. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அழைக்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர்தான் போனார்கள்.

இருந்தும் அலர்ட் உவமை இங்கே ஓரிடத்துக்கு மேல் செல்லாது. உடல் அவளுடையது, அதைப் பற்றிய தகவல் அவளுக்குப் பயன்படுமா என்று இன்னொருவர் முடிவெடுக்க முடியாது. அதோடு, இந்தக் கடிதம் முன்பு வந்த 'நார்மல்' என்ற சொல்லைத் திருத்துகிறது. எல்லா டெஸ்டும் பாஸ் என்றால், எங்கள் டெஸ்டுகளில் பிழை அகப்படவில்லை என்றுதான் அர்த்தம். பிழையே இல்லை என்று எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். மேமோகிராமின் 'நார்மல்' அதுபோன்ற ஒன்று என்பதை எந்தப் பெண்ணிடமும் யாரும் விளக்கியதில்லை. கப்பெல்லோவின் கோபமும் அக்காவின் பயமும் எனக்கு ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தோன்றுகின்றன. இருவரும் அந்தச் சொல்லை நம்பியிருந்தார்கள். பயம் வருகிறது என்பதற்காக மறைத்தால், காப்பாற்றப்படுவது அந்தப் பொய்யான நிம்மதி மட்டுமே.

ஆகவே சொல்லத்தான் வேண்டும். ஆனால் தெரிவிப்பது வேறு, சொல்வது வேறு. கடிதம் அனுப்பியதோடு நிறுவனத்தின் கடமை முடிகிறது. அதுவரை அதன் மேஜையில் இருந்த நிச்சயமின்மை ஒரு பெண்ணின் சமையலறைக்கு மாறிவிடுகிறது. சொல்வது என்றால் கேட்பவர் திருப்பிக் கேட்க முடிய வேண்டும். உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள் என்று கடிதம் சொன்னது. அக்காவுக்குக் கிடைத்த அப்பாயின்ட்மென்ட் ஐந்து வாரம் தள்ளி. அங்கே டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டு, இருபது நிமிடம் பேசினார். "பயம் போகல. ஆனா எதுக்குப் பயப்படறேன்னு இப்ப தெரியுது" என்றாள்.

அந்த இருபது நிமிடத்தை எந்த விதியும் கட்டாயமாக்கவில்லை. இருபது நிமிடம் முடியாது என்றால் போகட்டும், கடிதத்தின் கீழே ஒரு தொலைபேசி எண்ணும் அந்தப் பக்கம் எடுத்துப் பேச ஒரு நர்ஸும் இருந்தால்கூட, அந்த ஐந்து வாரத்தில் எத்தனையோ பெண்கள் தாங்கள் சாப்பிட்டதையெல்லாம் கணக்குப் பார்க்காமல் தூங்கியிருப்பார்கள்.