ஆட்டத்தை நிறுத்தியது யார்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஓர் ஆட்டம் கைவிடப்பட்டால் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. மழை, இருட்டு, நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தலையெழுத்து என்று ஏற்கப் பழகிய மனம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

2019 செப்டம்பர் 7, ஒஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். மெய்ன், டெம்பிள் பல்கலைக்கழகப் பெண்கள் அங்கே ஹாக்கி ஆடினார்கள். ஆட்ட நேரம் முடிந்தும் கோல் இல்லை. முதல் கூடுதல் நேரத்திலும் இல்லை. இரண்டாவது தொடங்க வேண்டிய வேளையில் மைதானத்தைக் காலிசெய்யச் சொன்னார்கள். மழையும் இல்லை, மின்னலும் இல்லை. நண்பகலில் பக்கத்து அரங்கில் ஆண்களின் அமெரிக்கக் கால்பந்து. அதன் வாணவேடிக்கைக்கு இடம் வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் சிந்திய வியர்வை கணக்கிலேயே சேரவில்லை. பல்கலைக்கழகம் பிறகு மன்னிப்புக் கேட்டது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாதென்று 1972-லேயே சட்டம் செய்த நாடு அது!

அந்த மைதானத்துக்கு நேர வரம்பு முன்பே வகுக்கப்பட்டது என்பது பதிலாகாது. எழுதிவைத்ததாலேயே ஒன்று நியாயமாகிவிடும் என்றால் மனுதர்மமும் நியாயம்தான்.

நேர வரம்பு வேறு விளையாட்டுகளிலும் உண்டு. பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பாலில் இரண்டு அணிகள் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுவதுண்டு. வெளியூர் அணி விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், இத்தனை மணிக்கு மேல் புது இன்னிங்ஸ் கிடையாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். ஏழு இன்னிங்ஸில் ஐந்தாவது முடியாமல் நின்றுபோனால், வேறு ஏற்பாடு இல்லாதபோது அது பொதுவாக ஆட்டமாகவே எண்ணப்படாது. விளைவைப் பாருங்கள். ஐந்துக்கு முன்னால் தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்குத் தாமதம் லாபம். ஐந்துக்குப் பின்னால் ஜெயித்துக்கொண்டிருக்கும் அணிக்கு லாபம். காலணிக் கயிறு அடிக்கடி அவிழும், பயிற்சியாளரின் ஆலோசனை நீளும். நேர்மையைக் கற்பிக்கும் இடம் என்று சொல்லிக்கொண்டே ஏய்ப்புக்குப் பரிசு வைத்திருக்கிறார்கள்.

மின்னலடித்தால் ஆட்டத்தை நிறுத்துவது அறிவு. பிள்ளைகள் மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும் என்பதும் சரி. மற்றபடி, ஆட்டத்தைக் கைவிட்ட காரணமாக ‘மழை’, ‘நேரம்’ என்று எழுதுவதை விடுங்கள். நிறுத்தச் சொன்ன அதிகாரியின் பெயரை எழுதுங்கள். வெளியூர் அணி தங்க இன்னோர் இரவு அறை வாடகை கொடுக்க மறுத்தது யார் என்று எழுதுங்கள். கூடுதல் நேரத்தில் நின்றது ஆண்களின் கால்பந்தாக இருந்திருந்தால் காலிசெய்யச் சொல்லியிருப்பீர்களா என்பதற்கும் அதே தாளில் பதில் எழுதுங்கள்.