தவறிய நாளுக்கு அபராதம்

மூன்றரை மணிக்கே நிர்மால்ய தரிசனத்துக்காகத் திறந்துவிடுகிற பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கே நடையில், தொழுது திரும்பும் அடியார்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, பத்மதீர்த்தக் குளக்கரையோரமாக நான் ஓடத் தொடங்கும் வேளையில், எதிரே மாளிகையின் உச்சியில் இருக்கும் மேத்தன் மணி ஐந்து அடிக்கும். மணி அடிக்கும்போதெல்லாம் அந்தக் கடிகாரத்தின் தாடிக்கார முகம் வாயைத் திறப்பதையும், இரு பக்கமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் வந்து முட்டுவதையும் இவ்வூர்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். கிழக்கே நடையில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று கோட்டைக்குள் நான்கு நடைகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதுதான் என் அன்றாட ஓட்டம். காலில் காலணியும் கையில் கடிகாரமுமாகச் செய்கிற இதைப் பிரதக்ஷிணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆயினும் ஆறு ஆண்டுகளாக ஒரே வேளையில், ஒரே வழியில், ஒரே மூர்த்தியை வலமாக வைத்துச் செய்துவரும் ஒரு காரியம், உடம்பைப் பேணுவதற்கான லௌகிக யத்தனமாக மட்டும் எத்தனை நாள் நின்றுவிட முடியும்? எப்போது என்று சொல்லத் தெரியாத ஏதோ ஒரு நாளில் அது எனக்கு நியமமாகிவிட்டது.

நியமமான பிறகுதான் சங்கடமும் வந்தது. சென்ற கோடை விடுமுறையில் அம்மா, மனைவி, பத்து வயது மகள் எல்லாருமாகக் கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கினோம். அவற்றில் ஒன்பது நாள் நான் ஓடவில்லை. ஊர் திரும்பிய பின்னும் பழைய தடத்தில் கால் பதிய வெகுநாளாயிற்று. நித்தியம் என்று ஏற்றுக்கொண்ட ஒன்று சில நாள் தவறிப்போனால், அதுவரை செய்தது என்னவாகிறது, தவறியவன் என்னவாகிறான் என்ற கேள்வி அந்த நாட்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஓட்டத்தைப் பற்றிய கேள்வி என்று சிலர் இதைச் சிறிதாக எண்ணக்கூடும். ஜபமோ, பாராயணமோ, விளக்கேற்றுவதோ, எதையாவது தினந்தோறும் செய்வதாகச் சங்கல்பித்துக்கொண்டு குடும்பத்தோடு வாழ்கிற எவருக்கும் இதே கேள்வி உண்டு.

அப்யாசம் உறுதிப்படுவதற்குப் பதஞ்சலி விதித்த நிபந்தனைகளில், நெடுங்காலம் செய்ய வேண்டும் என்பதும், சிரத்தையோடு செய்ய வேண்டும் என்பதும் நமக்கு எளிதில் உடன்பாடாகிவிடுகின்றன. நடுவே இருக்கிற இடையறாமைதான் நெஞ்சில் தைக்கிறது. இடையறாமை என்பதற்கு ஒரு நாளும் விடாமல் என்று மட்டுமே பொருள் கொண்டால், காய்ச்சலும் கல்யாணமும் சாவும் தீட்டும் பயணமும் நிறைந்த கிருகஸ்தாசிரமத்தில் இருப்பவன் எவனும் அப்யாசி ஆக முடியாது.

என் தாத்தா சந்தியாவந்தனம் தவறாதவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் ரயில் பிரயாணத்தில் அவர் அதைச் செய்த விதத்தைச் சிறுவனாக நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஜன்னலோரத்தில் கிழக்கு எந்தப் பக்கம் என்று ஒரு கணம் நிதானித்து, கூஜாவிலிருந்து உள்ளங்கையில் ஒரு துளி நீரை விட்டுக்கொண்டு, வீட்டில் நூற்றெட்டாக இருந்த காயத்திரியைப் பத்தாகச் சுருக்கி, கண்ணைத் திறந்தவுடன் எனக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்பார். போர்க்களத்தில் நீர் கிடைக்காதவர்கள் புழுதியைக் கையில் ஏந்தியே அர்க்கியம் விட்டார்கள் என்று அவர் சொல்லுவார். பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவதுதான். நித்திய கர்மாவைச் செய்யாமல் விட்டால் பிரத்யவாயம் உண்டு என்று அஞ்சிய அதே மனிதர், பத்தாகச் சுருங்கியதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. வீடு திரும்பியதும் எஞ்சிய தொண்ணூற்றெட்டைச் சேர்த்துச் சொன்னதுமில்லை.

இதை நான் சாலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் சினேகிதரிடம் சொன்னபோது, அவர் தம் மார்க்கத்தில் பிரயாணிக்கு இருக்கும் சலுகையை விளக்கினார். லுஹர், அஸர், இஷா ஆகிய மூன்று தொழுகைகளிலும் நான்கு ரக்அத் என்பது பிரயாணத்தில் இரண்டாகிவிடும். பஜரும் மஃரிபும் சுருங்குவதில்லை. சுருங்கியதைப் பின்னால் ஈடுசெய்ய வேண்டியதும் இல்லை. ரமலான் நோன்பு அப்படியல்ல. பிரயாணத்தில் விட்ட நாட்களைப் பிறகு எண்ணி நோற்றுத் தீர்க்க வேண்டும். "ஒரு நாளைக்கு ஒரு நாள்தான், வட்டி கிடையாது" என்றார் அவர். கணக்குப் புத்தகத்தோடு வாழ்கிறவர் வாயிலிருந்து வந்ததாலோ என்னவோ, அந்தச் சொல் எனக்குப் பெரிய உபதேசமாகப் பட்டது. வட்டி இல்லாத கடனாக ஒரு குறையைக் கருதுவதற்கு நம்மில் எத்தனை பேருக்கு மனம் வருகிறது?

தவறியவன் என்னவாகிறான் என்ற கேள்விக்கு எல்லாவற்றிலும் சிறந்த விடை, நான் தினம் சுற்றிவருகிற மதிலுக்குள்ளேயே இருக்கிறது. 1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மா மகாராஜா தம் ராஜ்யம் முழுவதையும் திருப்படித்தானமாகப் பத்மநாபனுக்குச் சமர்ப்பித்து, தாமும் தம் சந்ததியாரும் பத்மநாபதாசர்களாக இருந்தே ஆள்வதாக ஏற்றுக்கொண்ட நாள்முதல், திருவிதாங்கூர் மன்னர் நாள்தோறும் கோயிலுக்கு வந்து தம் எஜமானனைத் தொழுவது முறையாயிற்று. 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த சித்திரைத் திருநாள் மகாராஜா, ராஜ்யமே போன பிறகும், 1991-இல் காலமாகும்வரை இந்த முறையைக் கைவிடவில்லை; அவருக்குப் பின் 2013 வரை வாழ்ந்த அவருடைய தம்பி உத்திராடம் திருநாளும் அப்படியே. ஒரு நாள் வரத் தவறினால் மன்னர் கோயிலுக்கு அபராதம் கட்ட வேண்டும் என்ற மரபைக் கோட்டைக்குள் வாழும் எவரும் அறிவர். காலை வேளையில் அவர் வண்டி வந்து நிற்பதைப் பார்த்த முதியவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த அபராதத்தைப் பற்றி நான் எத்தனையோ ஓட்டங்களில் எண்ணியிருக்கிறேன். மன்னர் தவறவே மாட்டார் என்று முறை வகுத்தவர்கள் நம்பியிருந்தால் அபராதம் விதித்திருக்க மாட்டார்கள். தவறலாம், அதனாலென்ன என்று எண்ணியிருந்தாலும் விதித்திருக்க மாட்டார்கள். அபராதத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. கட்டினால் அன்றைய குறை அன்றோடு தீர்ந்தது. மறுநாள் காலையில் பத்மநாபதாசர் பத்மநாபதாசராகவே நடை ஏறலாம். குற்றவுணர்ச்சிக்கோ அளவே இல்லை. கட்டக் கட்டத் தீராத அந்தக் கடனைத் தாங்க முடியாமல்தான் நம்மில் பலர் எடுத்துக்கொண்ட நியமத்தையே விட்டு ஓடிப்போகிறோம்.

ஜப்பானில் ஹியெய் மலையில் தெண்டாய் பௌத்த மரபைச் சேர்ந்த துறவிகள் மேற்கொள்ளும் விரதம் இதற்கு நேர்மாறானதாகத் தோன்றும். ஏழு ஆண்டுகளில் ஆயிரம் நாள், தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர், இருட்டில் மலைப்பாதையில் நடந்து தலம்தலமாகத் தொழ வேண்டும். நடுவில் கைவிட நேர்ந்தால் உயிரை மாய்த்துக்கொள்வதற்கென்று கயிறும் கத்தியும் இடுப்பிலேயே இருக்கும். படிக்கும்போதே மெய் சிலிர்க்கிறது. ஆனால் அந்த ஆயிரம் நாளைப் பகுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு நூறு நாள், அடுத்த இரண்டில் இருநூறு, ஆறாம் ஆண்டில் நூறு, ஏழாம் ஆண்டில் இருநூறு. உலகத்தில் நான் அறிந்த மிகக் கடுமையான அந்த நடைவிரதம்கூட எந்த ஆண்டிலும் முந்நூற்றறுபத்தைந்து நாளும் நடப்பதில்லை. இடையறாமை என்பது இடைவெளியே இல்லாமை அல்ல, இடைவெளிக்குப் பிறகும் இழை அறுந்துபோகாமை என்று எனக்குப் பட்டது அதைப் படித்த அன்றுதான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் தவறு செய்தேன், ஒன்றல்ல, இரண்டு. கல்லிடைக்குறிச்சியில் முதல் மூன்று நாளும் விடியுமுன் எழுந்து ஓடினேன். இரண்டாம் நாள் இரவு, "நாளைக்கு விடியக்காலம் ஆத்துக்குப் போலாமாப்பா?" என்று மகள் கேட்டாள், சரி என்றேன். மூன்றாம் நாள் காலையில் அவள் எழுவதற்குள் வந்துவிடலாம் என்று புறப்பட்டவன், வயல் நடுவே போகும் சாலையின் குளிர்ச்சியில் மயங்கி வெகுதூரம் போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு திரும்பினேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சோப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "அஞ்சரை மணியிலேருந்து குழந்தை ஒக்காந்திண்டிருக்கா" என்றாள். மறுநாளிலிருந்து காலணியைத் தொடவில்லை. தாமிரபரணிப் படித்துறையில் முழங்கால் ஆழத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிறு மீன்கள் கால்விரல்களைக் கொத்தும்போதெல்லாம் அவள் என் கையை இறுக்கினாள்.

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்வாத்மாராமர் தம் ஹடயோகப் பிரதீபிகையில் யோகத்தைக் கெடுப்பவை என்று ஆறு சொல்கிறார். அளவு மீறிய உணவு, அளவு மீறிய உழைப்பு, வீண்பேச்சு ஆகியவற்றோடு 'நியமாக்ரஹம்' என்பதும் அதில் ஒன்று. அந்தச் சொல்லை நியமம், ஆக்ரஹம் என்று பிரித்தால் நியமத்தில் பிடிவாதம் என்று பொருள். நியமம், அக்ரஹம் என்று பிரித்தால் நியமத்தைக் கைக்கொள்ளாமை என்று பொருள். எந்தப் பொருள் சரி என்று பண்டிதர்கள் விவாதிக்கட்டும். ஒரே சந்திக்குள் இரண்டு நோயும் ஒளிந்திருப்பதை நான் அந்தத் திண்ணையில் கண்டேன். ஓடாமல் இருந்த ஒன்பது நாளில் நான் கெடுத்தது ஒன்றுமில்லை. ஓடிய அந்த மூன்றாம் நாளில்தான் கெடுத்தேன்.

இரண்டாவது தவறு ஊர் திரும்பியவுடன் நேர்ந்தது. ஒரு வாரம் பத்து நாள் ஓட்டத்தை நிறுத்துவதால் உடம்பின் திறன் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை என்பதும், முதலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி சற்றுக் குறைவதால் மூச்சு வாங்குவதுபோலத் தோன்றுமே தவிர, உண்மையான சரிவு மூன்று நான்கு வாரத்தில்தான் தெளிவாகத் தெரியும் என்பதும் உடற்பயிற்சி வல்லுநர்கள் ஆராய்ந்து சொன்னவை. நானோ வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிடும் வேகத்தில், முதல் நாளே வழக்கத்தைப்போல் இரு மடங்கு சுற்றினேன். மேற்கே நடையில் ஆடுசதை பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, பின் ஆறு நாள் படியிறங்கவில்லை.

அந்த ஆறு நாளின் முடிவில் வந்த சோம்பலைத்தான் நான் மிகவும் அஞ்சினேன். பதஞ்சலி யோகத்துக்கு இடையூறுகளாக ஒன்பதை எண்ணி, வியாதியில் தொடங்கி, ஒரு நிலையை எட்டிய பின் அதில் தரிக்க முடியாமையில் முடிக்கிறார். எட்டாதவனுடைய துக்கத்தைவிட எட்டி நழுவியவனுடைய துக்கம் பொல்லாதது என்பதால்தான் அதைக் கடைசியில் வைத்தாரோ என்று தோன்றுகிறது. யோகத்தில் இறங்கி நடுவழியில் நழுவியவன் இரண்டும் கெட்டவனாக அழிவானோ என்று அர்ஜுனன் கேட்டதும் இந்தத் துக்கத்தில்தான். அழிவில்லை, செய்தது வீண்போகாது என்று கண்ணன் சொன்ன விடை, எத்தனையோ முறை கேட்டதாயினும், கால் குணமான பின்னும் காலணியை எடுக்க மனமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அன்று எனக்கே சொன்னதுபோல இருந்தது. காலணியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கல்லிடைக்குறிச்சி மணல் ஒரு பிடி உதிர்ந்தது.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு இருமுறை, பங்குனி, ஐப்பசி உற்சவங்களின் ஆறாட்டு நாளில், பத்மநாபன் மேற்குக் கோட்டை வாசல் வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறான். அந்த வழி விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்துதான் போகிறது. அதற்காக மாலையில் சில மணி நேரம் விமானங்கள் இறங்குவதுமில்லை, ஏறுவதுமில்லை. வாளேந்திய அரச குடும்பத்துத் தலைவரும் யானையும் தீவட்டிகளும் அந்தப் பாதையின் மீது நடந்துபோய், கடலாடி, அதே வழியில் திரும்புகின்றன. திரும்பிய பின் மீண்டும் விமானங்கள் வருகின்றன. நிமிஷக் கணக்கில் பிழை பொறுக்காத ஒரு ஸ்தாபனம் அந்தச் சில மணி நேரத்தை இழப்பென்று கருதாமல், தன் கால அட்டவணைக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. கண்மூடியும் உறங்காத அறிதுயிலில் கிடக்கிறவனை நடுவில் வைத்து வாழும் ஊருக்கு இது இயல்பாகவே வாய்த்ததோ என்னவோ!

மன்னரின் அபராதக் கதையை மகளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் அபராதம் வேண்டும் என்றாள். தவறிய நாள் ஒன்றுக்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பது என்று தீர்மானமாயிற்று. பள்ளிக்கூடத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்துக் கணக்கெழுதினாள். பிரயாணத்தில் விட்ட ஒன்பது நாளைச் சாலைக்கடை மாமாவின் முறைப்படி தள்ளிவிட்டாள். கால்வலியில் விட்ட ஆறு நாளையும், வியாதி என்று தள்ளினாள். கூட்டிப் பார்த்துவிட்டு, கீழே ஒன்று என்று எழுதினாள்.

"அதுதான் எல்லாம் தள்ளியாச்சே, எந்த நாளுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க ஓடப் போனேளே, அந்த நாளுக்கு" என்றாள்.

மறுநாள் நான்கு நடையும் சுற்றியபின், பழவங்காடிக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி உடைத்தேன். கால் இன்னும் கனமாகத்தான் இருந்தது.