இடைநேரம்

கும்பகோணத்தில் அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. வீணாக்க மனமில்லாமல் தாராசுரம் போனேன். விமானம் மாறக் காத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூரில் இலவசமாகவே ஊர் காட்டுகிறார்கள். நேரத்தை வீணாக்குவதொன்றே இன்று பாவம் போலும்.

இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில். கருவறைப் புறச்சுவரின் அடியில் நாயன்மார் கதைகள், சிறுசிறு சிற்பங்களாக. 63 பேரையும் பார்த்துவிடுவது என்று ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கினேன் (குமாஸ்தா புத்தி). 'பார்த்துவிடுவது' என்பதில் விடுவதே பிரதானம் என்று அப்போது தோன்றவில்லை.

கண்ணப்பர் கதை உறுத்தியது. திண்ணன் காளத்திக்கு யாத்திரை வந்தவன் அல்ல. வேட்டையில் கொன்ற பன்றியைச் சுடக் காடன் தீ மூட்டுகிற அவகாசத்தில் மலை ஏறினான். பெரியபுராணக் கணக்கில் மொத்தமே ஆறு நாள். ஆகவே குறை நேரத்தில் இல்லை. தகப்பன் வந்து கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்ப்பதைப் பார்ப்பது என்று சொல்லலாமா?

நான் இருமுறை கடிகாரம் பார்த்தேன். ரயில் நேரத்துக்கு வந்தது.