எந்த ஊர்க் குழந்தை?

காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வருகிறாள் ஒரு தாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளிடம், "எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். எளிய கேள்விதான். ஆனால், அதற்குள் இரண்டு நோக்கங்கள் ஒளிந்திருக்கக்கூடும். குழந்தை எங்கே பிறந்தது, எந்தத் தடுப்பூசி போடப்பட்டது, எவ்வகைக் காய்ச்சல் பரவிய மண்ணிலிருந்து வந்தது என்றறிந்து மருந்திட விழைவது ஒன்று. "நம்மூர்க் குழந்தை அல்லவே!" என்று கைகழுவக் காரணம் தேடுவது மற்றொன்று. கேள்வி ஒன்று, நோக்கம் இரண்டு! நாம் எந்த நோக்கத்தோடு கேட்கிறோம்?

மலையடிவாரத்து எங்கள் மம்சாபுரத்துக்கு ஒருபுறம் திருவில்லிபுத்தூர், மறுபுறம் இராசபாளையம். இராசபாளையத்து ஆலைகள் நூல் நூற்கின்றன. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ளவர்களின் காயங்களைக் கட்டுகிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் எனத் தொலைவிலிருந்து தொழிலாளர்கள் தமிழகத்தின் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் செங்கற் சூளைகளுக்கும் வருகிறார்கள். உழைக்கும் கரத்தை வருக வருக என்கிறோம். அந்தக் கரத்தைப் பற்றிக்கொண்டு வரும் பிஞ்சுக் கரத்தை?

"வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கினால் இருப்பவர்க்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நம் வரலாற்றையே விடையாகத் தருவேன். வந்தவர்களாக நாமும் ஒருநாள் நின்றோமே! கங்காணியின் சொல்லை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் யார்? மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் உண்டா என்று சோதித்த பின்னரே கடல் கடக்க விடப்பட்டவர்கள் யார்? லயன் அறைகளின் புகையிலும் ஈரத்திலும் பிள்ளை வளர்த்தவர்கள் யார்? 1948 இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தது. எண்ணிப் பிரித்தார்கள், அவர்களின் எண்ணத்தைக் கேட்டார்களில்லை! அந்த வேதனையை அறிந்த இனம், இன்னொரு தாயின் குழந்தையை வெறும் எண்ணிக்கையாகக் காணலாமா?

"யாரையும் நாங்கள் விரட்டவில்லையே! எல்லார்க்கும் ஒரே வரிசை, ஒரே மருந்து" என்பார் வேறொருவர். உண்மை. தடுப்பூசிக்குக் கட்டணமில்லை, ஊரும் சாதியும் பார்ப்பதில்லை. நம் நாட்டுச் சுகாதாரத் துறையின் பெருமை அது. ஆனால், கதவு திறந்திருப்பது மட்டும் சமத்துவம் ஆகுமா? கிராமச் செவிலியர் தம் பதிவேட்டைக் கொண்டு வீடு வீடாகப் போகிறார். ஆலையின் பின்புறத்துத் தகரக் கொட்டகை அந்தப் பதிவேட்டில் ஏறாவிட்டால், அங்குள்ள குழந்தை அவர் கண்ணில் படுவதெப்படி? பிறந்தவுடன் ஓர் ஊரில் காசநோய்த் தடுப்பூசி. 6, 10, 14 வாரங்களில் போடவேண்டிய ஊசிகளுக்கு வேறோர் ஊர். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு மூன்றாவது ஊர். அட்டை எங்கோ தொலைகிறது, கணக்கு அறுகிறது. காலையில் வரிசையில் நின்றால் தாயின் அன்றைய கூலி போகிறது.

மொழியின் சுவரோ இன்னும் உயரம். பள்ளியில் தமிழ் கற்ற எட்டு வயதுச் சிறுமி, தாய்க்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகிறாள். தம்பியின் வயிற்றுப்போக்கை மட்டுமா? தாய் வெளியே சொல்லக் கூசும் நோவையும் அவளே சொல்லவேண்டியிருக்கிறது. அன்று அவளுக்குப் பள்ளியும் இல்லை, பருவத்துக்குரிய கவலையின்மையும் இல்லை. மொழித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை. மொழி புரியாததால் ஒரு குழந்தையின் நோவை அறியாது விடுவது உரிமையன்று, கொடுமை.

"அவர்களைக் கவனிக்காவிட்டால் நோய் நமக்குப் பரவும், அதற்காகவேனும் செய்வோம்" என்பார் மூன்றாமவர். தட்டம்மையைத் தடுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கேனும் எதிர்ப்பாற்றல் வேண்டும் என்பது மருத்துவ உண்மையே. ஆயினும் அச்சத்தின்மேல் எழுப்பும் அறம், அச்சம் அகன்றதும் சரிந்துவிடும். இரத்தசோகை பிறர்க்குத் தொற்றுவதில்லை, பசியும் தொற்றுவதில்லை. தொற்றாத துன்பம் என்பதால் அதைத் துடைக்க வேண்டாம் என்போமா? குழந்தைக்கு மருந்து தருவது நம்மைக் காத்துக்கொள்ளவன்று. அது குழந்தை என்பதற்காகவே!

பணமில்லை என்பதால் எவர்க்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று 1946 இல் போர் குழு அறிக்கை தந்தது. அனைவர்க்கும் அடிப்படை நலவாழ்வு என்று 1978 இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் உறுதி பூண்டன. தமிழக அரசு 2021 இல் தொடங்கிய திட்டத்துக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பெயர். எத்தனை அழகிய பெயர்! தேடப்படும் அந்த மக்களுள் தகரக் கொட்டகைக் குழந்தையும் இருக்கட்டும்.

செய்யவேண்டியவை மலையைப் புரட்டும் வேலைகள் அல்ல. கொட்டகைகளையும் சூளைகளையும் செவிலியரின் பதிவேட்டில் சேர்க்கவேண்டும். வேலை முடிந்து வருவோர்க்கென மாலையில் சில மணி நேரம் ஒதுக்கவேண்டும். அவர்கள் மொழி அறிந்த பெரியவர் ஒருவரைத் தொலைபேசியிலேனும் பேசவைத்து, சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். ஆள் சேர்க்கும் முதலாளி, உடன் வந்த குழந்தைகளின் பட்டியலைச் சுகாதார நிலையத்துக்குத் தரவேண்டும்.

கணியன் பூங்குன்றனாரின் பாட்டை மேடைதோறும் முழங்குகிறோம். கேட்டு உலகம் வியக்கட்டும் என்கிறோம். உலகம் வியப்பது இருக்கட்டும், தோழர்களே! ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தாய் அதை நம்பவேண்டும். நம்பித் தன் குழந்தையை நம் கையில் தரவேண்டும். அன்றுதான் அந்தப் பாட்டுக்கு நாம் உரியவர்கள்.