உரியவர் கைக்குச் சேர்ந்ததா?

அமானிதம் என்பது பிறர் பொருளைக் காத்து வைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. அதனை உரியவரிடம் ஒப்படைக்கும்போதுதான் அப்பொறுப்பு நிறைவேறுகிறது. திருமறை நமக்கு இட்ட கட்டளை இது. கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் அரசுகள் வழங்கிய உதவித்தொகையை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். பெண்ணுக்கென எண்ணிய பணம் பெண்ணின் கைக்குச் சேர்ந்ததா?

2020ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு, ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றித் தலைக்கு 1,00,000 யென் அளித்தது. கணக்கிட்டது ஆளுக்கு ஆள். கொடுத்ததோ குடும்பத் தலைவரிடம். கணவனின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய பின்னும் பதிவேட்டில் அவன் குடும்பத்தினளாகவே இருந்த பெண்ணின் பங்கும் அவனிடமே போகும் நிலை. இதை உணர்ந்த அரசு, அத்தகையோர் தனியே விண்ணப்பிக்க வழி செய்தது. நல்லதே. ஆனால் வெளியேற வழியின்றி அதே கூரையின்கீழ் அடங்கிக் கிடந்தவளுக்கு?

அதே ஆண்டு மார்ச் 26இல் இந்திய அரசு, ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்கள் வழங்குவதாக அறிவித்தது. சுமார் 20 கோடிப் பெண்களுக்கான திட்டம் அது. தொகை சிறிதாயினும் பெண்ணின் பெயரிலேயே சென்றது. எனினும் அக்கணக்கு இல்லாத ஏழைப் பெண் அதில் இடம்பெறவில்லை. ஆப்பிரிக்காவின் டோகோ நாடோ, முறைசாராத் தொழிலாளருக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்பியபோது ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே வழங்கியது.

“குடும்பம் ஒன்றுதானே? யார் கையில் இருந்தால் என்ன?” என்று கேட்போர் உண்டு. அன்பும் நீதியும் உள்ள இல்லங்களில் அது உண்மையே. ஆயினும் நம் மார்க்கம் பெண்ணின் உடைமையைக் கணவனின் நற்குணத்தை நம்பி விட்டுவிடவில்லை. மஹர் அவளுடையது, வாரிசுரிமைப் பங்கும் அவளுடையது. மனைவி செல்வம் உடையவளாயினும் அவளைப் பராமரிக்கும் கடமை கணவனை விட்டு நீங்குவதில்லை. தன் பணத்தை அவள் மனமுவந்து வீட்டுக்குக் கொடுத்தால் அது தருமம். கேளாமல் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் செல்வத்தை இஸ்லாத்திற்காக ஈந்தார்கள். அது அவர்கள் கையில் இருந்ததால்தானே ஈய முடிந்தது!

அரசுகளைக் கேட்கும் இக்கேள்வியை நம்மை நோக்கியும் கேட்டாக வேண்டும். நம் மஹல்லாக்களில் ஜகாத்தையும் நிவாரணத்தையும் பங்கிடும்போது பட்டியலில் யார் பெயரை எழுதுகிறோம்? கணவனால் கைவிடப்பட்டு, அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் காலந்தள்ளும் சகோதரியின் பெயர் அதில் தனியே இருக்கிறதா? அண்ணனின் பெயருக்குள் அவளும் அடக்கம் என்று எண்ணி அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுகிறோமா? பட்டியலை மூடுமுன் அவளிடமே ஒரு சொல் கேட்டுவிடுவது நம் பொறுப்பு.