காகத்தின் புத்தியும் ஆத்மாவின் ஞானமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி ஏழாம் பத்து, ஐந்தாம் திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில் நம்மாழ்வார் ஓர் அதிசயத்தை அனுபவிக்கிறார். சக்ரவர்த்தித் திருமகன் அயோத்தியில் வாழ்ந்த சராசரங்கள் அனைத்தையும், புல்லையும் சிற்றெறும்பையும்கூட விடாமல், நற்கதி அடைவித்தான் என்பது அது. அறிவில் கடையான எறும்புக்கு அங்கே என்ன தகுதி இருந்தது? பலகாலம் மனத்தில் கிடந்த இக்கேள்வியை அண்மையில் ஒரு குழந்தை தட்டி எழுப்பினாள்.

அயல்நாட்டில் வசிக்கும் எம் பேத்தி, "தாத்தா, யானைக்கு நம்மைவிடப் பெரிய மூளையாமே! அப்படியென்றால் அது ஏன் நம்மைவிட புத்திசாலி இல்லை?" என்று அலைபேசியில் கேட்டாள். வணிகவியல் படித்து, வங்கிப் பேரேடுகளோடு காலம் கழித்த அடியோங்களுக்கு உயிரியலில் பயிற்சி இல்லை. ஆயினும் அவளுக்காகப் படித்தறிந்ததைப் பாகவதர்கள் திருவடிகளில் விண்ணப்பிக்கிறோம்.

ஆப்பிரிக்க யானையின் மூளை மனித மூளையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ளது. அதில் சுமார் 25,700 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மனிதனுக்கோ சுமார் 8,600 கோடிதான். ஆனால் யானையின் நரம்பணுக்களில் மிகப் பெரும்பகுதி சிறுமூளையில் அடங்கிவிடுகிறது. ஆராய்ந்து முடிவெடுக்கும் செயல்களுக்கு முக்கியமான பெருமூளைப் புறணியில் யானைக்குச் சுமார் 560 கோடியும், மனிதனுக்குச் சுமார் 1,600 கோடியும் உள்ளன. ஆகவே எடை மட்டும் அளவுகோல் அன்று. அணுக்கள் எங்கே, எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளன என்பதும் முக்கியம்.

காகத்தின் மூளை சில கிராம் எடையே உள்ளது. ஆனால் அதில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. நியூ கலிடோனியத் தீவுக் காகம் சிறு கிளையைக் கொக்கியாகச் செதுக்கி, மரப்பொந்தில் இருக்கும் புழுவை வெளியே இழுக்கிறது. ஆக்டோபஸுக்கு உள்ள சுமார் 50 கோடி நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அதன் எட்டுக் கைகளிலேயே உள்ளன. கூட்டமாக வாழ்வதும், இரை தேடுவதில் உள்ள கடினமும், நீண்ட இளமைப் பருவமும் புத்தியை வளர்க்கின்றன என்பர். ஆக்டோபஸோ பெரும்பாலும் தனித்து வாழ்ந்து, ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. எனவே ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்க இயலவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வை நம் பூர்வாசார்யர்கள் அறியாதவர்கள் அல்லர். ஸ்ரீ விஷ்ணு புராணம் ஆறாம் அம்சத்தில், கேசித்வஜர் காண்டிக்யருக்கு உபதேசிக்குமிடத்தில், தாவரம், ஊர்வன, பறவை, மிருகம், பசு, மனிதன் என்று அறிவாற்றல் படிப்படியாக ஏறுவது சொல்லப்படுகிறது. காகம் பல மிருகங்களை விஞ்சுகிறதே என்று இங்கே ஐயம் எழலாம். அவ்வரிசையை விலங்கியல் பட்டியலாகக் கொள்ள வேண்டியதில்லை. அறிவில் தாரதம்யம் உண்டு, அதற்குக் காரணம் கர்மம் என்பதே அங்குத் தாத்பர்யம்.

ஆத்மா ஞானஸ்வரூபன், ஞானத்தைக் குணமாகவும் உடையவன். அந்த தர்மபூத ஞானம் கர்மத்தால் சுருங்கியும் விரிந்தும் நிற்கிறது. குடத்துக்குள் வைத்த விளக்கின் ஒளி குடத்துக்குள்ளேயே அடங்குகிறது; அதனால் விளக்குக்குக் குறையில்லை. நாம் வங்கியில் சேர்ந்தபோது கையால் கூட்டினோம். பிற்காலத்தில் கணினியில் கூட்டினோம். கருவி மாறிற்று, கணக்கிட்டவர் நாமே. எறும்பின் உடலும் யானையின் உடலும் கர்மம் தந்த கருவிகள். அவற்றுள் இருக்கும் ஆத்மாக்கள் ஸ்வரூபத்தில் ஸமம். எம்பெருமானுக்குச் சேஷமாயிருப்பதிலும் ஸமம்.

இவ்வளவும் ஏட்டளவில் நமக்குத் தெரிந்ததே. அதை உண்மையில் கற்பித்தது எம் திருமாளிகை முற்றம்.

எம் அன்னைக்கு வயது 88. ஒரு காலத்தில் திருவாய்மொழி ஆயிரமும் ஏடு பாராமல் ஸேவித்தவர். மறதிநோய் கண்டபின், எம் பெயரும் அவர் நினைவில் இல்லை. ஆயினும் பெருமாள் அமுது செய்தபின் காகத்துக்கு ஒரு பிடி ப்ரஸாதம் வைக்கும் வழக்கம் அவர் கையைவிட்டுப் போகவில்லை. அவரைக் கண்டதும் காகம் அருகே வந்து அமர்கிறது. நாம் போனால் பறந்துவிடுகிறது. தம்மைப் பிடித்தவரின் முகத்தைக் காகங்கள் ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முகமூடிகளைக் கொண்டு ஆராய்ந்து கண்டுள்ளனர். காகம் அன்னையை அறிகிறது. அன்னை மகனை அறியவில்லை. ஒருநாள் இதைக் கண்டு நாம் கலங்கி நின்றோம். புத்திதான் அளவுகோல் என்றால், அன்னை காகத்திலும் தாழ்ந்தவராகிவிட்டாரா?

அப்போது நினைவுக்கு வந்தவன் காகாசுரன். காக வடிவில் வந்து பிராட்டிக்கு அபசாரப்பட்டவன், தன் திறமையெல்லாம் கொண்டு மூவுலகும் ஓடிப் பார்த்தான். அவன் புத்தி ஓடுவதற்கு வழி காட்டிற்று. உய்வதற்கு வழி காட்டவில்லை. போக்கற்றுப் பெருமாள் திருவடிகளில் விழுந்தபோதே உயிர் பிழைத்தான். காத்தது அவனது சாமர்த்தியம் அன்று, காகுத்தனின் க்ருபை.

வராஹ சரமத்தில் பிராட்டிக்கு எம்பெருமான் அருளிய வார்த்தையும் நினைவுக்கு வந்தது. உடலும் மனமும் நலமாயிருந்த காலத்தில் தன்னை நினைத்தவன், இறுதியில் கட்டையும் கல்லும் போல் கிடந்தாலும், அவனைத் தான் நினைப்பதாக அங்கே அருளுகிறான். நினைக்கும் பொறுப்பு அப்போது அவனுடையதாகிவிடுகிறது. அன்னை மறந்த ஆயிரத்தையும் அவன் மறக்கவில்லை.

அப்படியானால் மனிதனுக்குக் கிடைத்த விரிந்த அறிவு வீணோ எனில், அன்று. அது பெருமைக்காகத் தரப்பட்டதன்று; கைங்கர்யத்துக்காகத் தரப்பட்டது. நம்மினும் அறிவு சுருங்கிய உயிரை, அது முற்றத்துக் காகமானாலும் மறதியில் ஆழ்ந்த முதியவரானாலும், எம்பெருமானின் உடைமையாகப் பார்க்கத் தெரிவதே அவ்வறிவின் பயன்.

பேத்திக்கு இப்படிப் பதில் சொன்னோம்: "யானைக்கு மூளை பெரிது, நமக்கு அது வேறு விதமாக அமைந்திருக்கிறது. ஆனால் பெருமாள் மூளையை எடைபோட்டு ஆட்கொள்வதில்லை, குழந்தாய்." அவள் சற்று யோசித்து, "அப்போ கொள்ளுப்பாட்டியையும் அவருக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.